ஐம்பது வயிற்று வலி

வைத்தியக் கல்லூரிக்காரர்கள் தங்கராஜாவை இரண்டு தடவை வேண்டாமென்று திருப்பி அனுப்பினார்கள். அதற்கு நான் என்ன பாவம் செய்தேன்? பதுளையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அவனுடைய அப்பா, பூனாகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் மருந்து கொடுத்துக்கொண்டு சிவனே என்று இருந்த என் தலையில் அவனைக் கட்டிவிட்டுப் போனார்.

பையன் கொழும்பில் கல்லூரிப் படிப்பை முடித்தவன். மார்க்கில் குறையில்லை. நோயாளி என்று ஒருவரைத் தொட்டதுகூட இல்லை, அதுதான் குறை. பதுளைப் பெரிய டாக்டர் யாழ்ப்பாணத்து மனிதர், நோயை வருத்தம் என்பவர். அவர் ஒரு வழி சொல்லியிருந்தார்.

"ஒரு மாசம் தோட்டத்திலை இரும். அம்பது வருத்தக்காரரைப் பாத்து, பேரையும் வருத்தத்தையும் எழுதிக்கொண்டு வாரும். நான் நற்சாட்சிப் பத்திரம் தாறன். நாப்பத்தொம்பது எண்டால் வரவேண்டாம்."

மூன்றாவது மனுதான் கடைசி. அதற்குமேல் வயது தாண்டிவிடும், ஆயுள் முழுக்கக் கடையில் சீட்டித் துணி கிழிக்க வேண்டியதுதான்.

ஆனால் என் தோட்டத்தில் நோயாளிக்கு எங்கே போவது? காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிடும்போது "வயித்து வலிங்க" என்று எவர் ஒதுங்கினாலும், அங்கேயே எல்லார் முன்னிலையிலும் ஒரு கரண்டி விளக்கெண்ணெய் ஊற்றுவேன். ஏழு வருஷமாக இதுதான் என் வைத்தியம். உண்மையில் வலிக்கிறவன்கூட வாயைத் திறக்க மாட்டான். தோட்டத்தை நடத்தும் துரைக்கு அதனாலேயே என்மேல் கொள்ளைப் பிரியம்.

பன்னிரண்டு நாளில் தங்கராஜாவிடம் வந்தது இரண்டே கேஸ். ஒன்று குளவி கொட்டினவன். மற்றது கணக்கப்பிள்ளையின் ஆடு.

"ஆட்டையும் எழுதிக்கலாமாங்க?" என்று கேட்டான்.

"போடா அந்தப் பக்கம்" என்றேன்.

மருந்து வாங்க நான் பண்டாரவளைக்குப் போய் நாலாம் நாள் திரும்பினால், மருந்து கொடுக்கும் காம்பராவிலிருந்து தொழிலாளர் குடியிருக்கும் லயம் வரைக்கும் ஒரே வரிசை. உள்ளே விளக்கெண்ணெய்த் தகரத்தை மூலையில் தள்ளிவிட்டு, ஒவ்வொருவரையும் வாங்குப் பலகையில் உட்காரவைத்து, கையைப் பிடித்து நாடி பார்த்து, கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தான் படுபாவி. கொழுந்து பறிக்கும் பெரியாயி முன்னால் நின்றாள். மலையைப் புரட்டுகிற உடம்பு அவளுக்கு.

"உனக்கு என்ன கேடு?"

"வயித்து வலிங்க மருந்தையா."

"எப்போதிலிருந்து?"

"அம்பது பேரு சேந்தாத்தான் நம்ம சின்ன மருந்தையா டாக்டராவாருன்னு சொன்னாங்க. அப்பயிலிருந்து."

மறுநாளே புத்தகத்தில் ஐம்பது நிறைந்துவிட்டது. ஆட்டைச் சேர்க்காமல்தான். ஆனால் பெரட்டில் பாதி ஆளைக் காணாத துரை, வாந்திபேதி பரவிவிட்டது என்று பயந்து பதுளைக்குத் தந்தி அடித்துவிட்டார். பெரிய டாக்டர் குதிரையை அடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

புத்தகத்தில் பேருள்ளவர்களை வரிசையில் நிறுத்தி, முதல் பத்துப் பேரின் நாக்கைப் பார்த்தார். புத்தகத்தைப் புரட்டினார். முதல் பேருக்குக் குளவிக் கடி, மீதி அத்தனை பேருக்கும் வயிற்று வலி. பட்டென்று மூடினார்.

"பொய்ப் புத்தகம்."

தங்கராஜாவின் முகம் செத்துப்போயிற்று. "அவங்க வலிக்குதுன்னாங்க ஐயா, நான் எழுதினேன்" என்றான்.

"மெய்யான வலியெண்டால் விளக்கெண்ணெய் குடிக்கட்டும். குளவி கொட்டினவனை விடும். மற்றதிலை குடியாத ஆக்களின்ரை பேரை வெட்டுவன்."

தகரத்தை நான் சந்தோஷமாகத்தான் தூக்கிவந்தேன். இதோ, கூட்டம் சிதறப் போகிறது என்று நினைத்தேன். பெரியாயி முன்னால் வந்து கண்ணை இறுக மூடி, "ஊத்துங்க" என்றாள். குடித்துவிட்டு, முகம் கோணலாகி, "தேனாட்டம் இருக்கு" என்று பின்னால் நின்றவர்களிடம் வாய் கூசாமல் புளுகினாள். அவளுக்குப் பின் அடுத்தவள், அதற்கடுத்தவன். ஒருவர்கூட நகரவில்லை. எனக்குக் கை வலித்துவிட்டது.

கடைசியில் ஒரு பேருக்கு ஆள் இல்லை. நல்லையா தங்கச்சி கல்யாணத்துக்கு வெலிமடைக்குப் போயிருந்தான். டாக்டர் பேனாவை எடுத்து அவன் பேரை வெட்டினார்.

"நாப்பத்தொம்பது."

தங்கராஜா தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு என்ன பிடித்ததோ தெரியாது.

"எனக்கும் வயித்து வலிதாங்க" என்றேன்.

டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எப்ப தொடங்கினது?"

"இவன் இங்க வந்த அன்னிக்கு."

கரண்டியைத் தங்கராஜா வாங்கிக்கொண்டான். ஊற்றுவதற்கு முன் என் கையைப் பிடித்து நாடி பார்த்து, "எங்கங்க வலிக்குது? எத்தன நாளா சாப்பாடு சரியில்ல?" என்று மெல்லக் கேட்டான். விளையாட்டுக்கில்லை, மெய்யாகவே கேட்டான். ஏழு வருஷத்தில் நான் ஒருவரையும் அப்படிக் கேட்டதில்லை. வெட்கமாகப் போயிற்று. மடமடவென்று குடித்துவிட்டேன்.

டாக்டர் என் பேரை எழுதி, ஐம்பது என்று போட்டுக் கையெழுத்து வைத்தாராம். அதைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. நாற்பத்தெட்டுப் பேர் எனக்கு முன்னால் ஓடையோரப் புதருக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஓர் இடம் பிடிக்க வேண்டியிருந்தது.