ரெண்டிலேயே எழுந்துவிடுகிறவர்

பெரியவளுக்கு வயிறு எரிந்தது என்றால் அது குறைத்துச் சொன்னதாகும். பத்தொன்பது வருஷம் ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி பிரிவில் மாடாய் உழைத்தவள். தன்னிடம் பயிற்சிக்கு வந்த பெண்ணைப் பிடித்துப்போய்க் கொழுந்தனுக்குக் கட்டிவைத்ததும் அவளேதான். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அது. அந்தச் சின்னவள் கல்யாணத்துக்குப் பிறகு ஆராய்ச்சி என்று ஆறு வருஷம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டு, முனைவர் பட்டத்தோடு எழுந்து வந்துவிட்டாள்.

இப்போது பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு உதவிப் பேராசிரியர் இடம். முதுகலையும் பத்து வருஷ அனுபவமும் போதும், முனைவர் பட்டத்துக்கு முன்னுரிமை என்று விளம்பரம். ஓரகத்திகள் இருவருக்குமே அழைப்பு வந்தது. மாமியார் சின்னவளை மட்டும் "எங்க டாக்டரம்மா" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பெரியவள் நம்பியிருந்தது செய்முறைத் தேர்வை. பக்கவாதம் வந்தவரை நாற்காலியிலிருந்து எழுப்பி நிறுத்திக் காட்ட வேண்டும். அதற்கு வரப்போகிறவர் தன் வார்டில் சிகிச்சையில் இருக்கும் டிரைவர் ஒருவர் என்று அவளுக்கு முன்பே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சின்னவள் வந்து நின்றாள். "அக்கா, நோயாளியத் தொட்டே வருஷக்கணக்காச்சு. ஒரு தடவை சொல்லிக் குடுங்களேன்."

போட்டிக்காரியிடமே வந்து கேட்க என்ன துணிச்சல்! பெரியவள் ஹாலில் நாற்காலியைப் போட்டு எல்லாம் சொன்னாள். இடுப்புப் பட்டையை எங்கே பிடிப்பது, மூன்று எண்ணுவதற்குள் பலவீனமான முட்டிக்குத் தன் முட்டியை எப்படி அண்டக் கொடுப்பது. ஒன்றை மட்டும் விழுங்கிவிட்டாள். டிரைவர் மூன்று வரை காத்திருக்க மாட்டார். "ரெண்டு" என்றதுமே எழுந்துவிடுவார். சின்னவள் திணறுவாள் என்பது வரைக்கும்தான் பெரியவள் யோசித்திருந்தாள்.

தேர்வுக் குழுவின் முன்னால் சின்னவள் குனிந்து பட்டையைப் பிடித்தாள். "ஒண்ணு... ரெண்டு..."

டிரைவர் எழுந்தார். இடது முட்டி மடங்கியது. தன் முறைக்காக அதே அறையில் உட்கார்ந்திருந்த பெரியவள் எப்போது பாய்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அவரைத் தாங்கி உட்கார வைத்த பிறகுதான் மூச்சு வந்தது.

"பிரமாதம்மா!" என்றார் குழுத் தலைவர்.

அவள் முகம் மலர்வதற்குள் டிரைவர் காரியத்தைக் கெடுத்தார். "என்னம்மா, புதுசா யார் வந்தாலும், இவரு ரெண்டுலயே எந்திரிச்சிருவாருன்னு முதல் வேலையா சொல்லுவீங்களே. இந்தப் பொண்ணுகிட்ட சொல்லலியா?"

சின்னவள் பெரியவளை ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"சொன்னாங்க ஐயா," என்றாள் சின்னவள். "பதட்டத்துல நான்தான் மறந்துட்டேன்."

தலைவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "தப்ப ஒத்துக்கவும் ஒரு மனசு வேணும்மா," என்று சொல்லித் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார்.

பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டம்தான் அவளுக்கு, மாமியார் வாய்ப் புகழும் அவளுக்கு, இப்போது பெரிய மனசு என்ற பெயரும் அவளுக்கேவா? இதையாவது விட்டுக்கொடுக்கக் கூடாது.

"அவ மறக்கல சார்," என்றாள். "நான்தான் சொல்லல."