ஒரு சாண் பின்னால்

கண்ணாடிக்காரருக்கு வட்டாரத்துக் கண்களெல்லாம் அத்துப்படி. யாருக்கு எத்தனை பவர், யார் எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துவந்து ஒப்பிக்கிறார், யார் அழகுக்காக வெறும் கண்ணாடி மாட்டித் திரிகிறார் எல்லாம் தெரியும். இருபத்திரண்டு வருடமாக மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துகிறவர். லென்ஸ் என்ற சொல்லை இன்னொருவர் வாயிலிருந்து கேட்டாலே அவருக்குக் காது கூசும்.

அப்பேர்ப்பட்டவர் சொந்த மனைவியை மேடையில் ஒருமுறைகூடத் தெளிவாகப் படம் பிடித்ததில்லை.

அவள் தபால் ஆபீஸ் கவுன்டரில் வேலை பார்க்கிறாள். ஆறு வருடமாக ஒரு சின்ன நாடகக் குழுவில் நடிக்கிறாள். மூன்று முறை வேலைக்காரி, இரண்டு முறை நர்ஸ், ஒருமுறை பிணம். பிணமாகக் கிடந்தபோது எடுத்த படம் மட்டும்தான் ஆடாமல் வந்தது. அதைக் கூடத்தில் மாட்டவா முடியும்?

இந்தத் தடவை அவள்தான் கதாநாயகி, நீதிபதியின் விதவை. வியாழக்கிழமை போஸ்டர் அச்சுக்குப் போகிறது. "ஒத்திகையில எடுக்கற படத்துல எது நல்லா வருதோ அதுதான் போஸ்டர். அதுல யார் மூஞ்சி இருந்தாலும் எனக்கு ஒண்ணுதான்" என்று டைரக்டர் சொல்லிவிட்டார்.

"ஏங்க, எங்க ஆபீஸ் வாசல் சுவத்துலயும் ஒட்டுவாங்களாம்" என்றாள் மனைவி. "'இந்தத் தடவை என்ன, மறுபடியும் பிணமா?'ன்னு கேக்கறதுங்க எல்லாம் அதைத் தாண்டித்தான் உள்ள வரணும். இந்த ஒரு தடவையாவது எனக்கு மூக்கு முழி இருக்கற மாதிரி எடுத்துக் குடுங்க."

அவரிடம் இருந்தது ரேஞ்ச்ஃபைண்டர் என்கிற பழைய ஃபிலிம் கேமரா. அதில் லென்ஸ் வழியாக எதையும் பார்க்க முடியாது. பக்கத்தில் இருக்கும் குட்டி ஜன்னலில் ஒரு ஆள் இரண்டு ஆளாகத் தெரிவார். வளையத்தைத் திருப்பித் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால் ஃபோகஸ் ஆகிவிட்டது என்று நம்பிக்கொள்ள வேண்டியதுதான். அவருடைய லென்ஸோ வெயிலில் மட்டும் வேலை செய்கிற சோம்பேறி. நாடகக் கொட்டகையிலோ ஒரே ஒரு மஞ்சள் விளக்கு. மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்கு டைரக்டர் வைத்திருந்த பெயர் கலை.

ஆகவே வெளிச்சத்தை வாரிக் குடிக்கிற ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று வேண்டும். பழையதாக இருக்கலாம். விலை மட்டும் மலிவாக இருந்தே ஆக வேண்டும்.

சனிக்கிழமை மச்சினனைக் கூட்டிக்கொண்டு பழைய கேமராக் கடைக்குப் போனார். மச்சினனிடம் புது மிரர்லெஸ் கேமரா இருந்தது. எந்தக் கிழட்டு லென்ஸையும் ஒரு வளையம் போட்டு அதில் மாட்டலாம், லென்ஸ் பார்ப்பதை அப்படியே திரையில் பார்த்துவிடலாம். கடைக்குள் நுழையும் முன் அவனுக்குப் பாடம் நடந்தது.

"மாப்ளே, உள்ள போனதும் எதுக்கு, எந்தக் கேமராவுக்குன்னு வாயைத் திறக்காதே. தேவை தெரிஞ்சா தலையில மிளகாய் அரைச்சுடுவான்."

"சரி மாமா. நமக்கு லென்ஸே தேவையில்லன்னு சொல்லிடலாமா?"

"அப்படித்தான் சொல்லணும்."

கடைக்காரருக்குப் பட்டப்பெயர் பூஞ்சை. கண்ணாடிக்குள் காடாகப் பூஞ்சை மண்டிய லென்ஸைக்கூட "லேசா தூசி சார்" என்று சொல்லி விற்கிற தைரியம் அவருக்கு உண்டு.

"என்ன சார் வேணும்?"

"சும்மா போற வழியில எட்டிப் பார்த்தோம். மேஜை மேல பேப்பர் பறக்குது. கனமா ஏதாவது கிடைச்சா வச்சுக்கலாம்னு."

பூஞ்சை இமைகூட அசைக்காமல் கறுப்புத் துணியை விரித்தார். பேப்பர் பறக்கிறவர்கள் அந்தக் கடைக்கு வாரத்துக்கு நாலு பேர் வருவார்கள். லென்ஸ்கள் வரிசையாக வந்தன. ஒன்றின் கண்ணாடி டீத் தண்ணீர் போல மஞ்சளாகியிருந்தது. இன்னொன்றில் எண்ணெய் கசிந்து உள்ளே தகடுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. மூன்றாவதை டார்ச் அடித்துப் பார்த்தால் பனிக்காலத்துக் காலை.

கடைசியாக, விளிம்பு நசுங்கிய ஒன்றை எடுத்து வைத்தார். "இதை எடுத்துக்குங்க சார். எஃப் டூ, நல்லா வெளிச்சம் வாங்கும். கண்ணாடி சுத்தம், விலையும் கம்மி."

கண்ணாடிக்காரர் உஷாரானார். விலை குறைந்ததை வியாபாரியே எடுத்துக் காட்டினால் அதில் ஏதோ இருக்கிறது என்பது அவர் கட்சி. தன் கடையில் அவர் ஒருநாளும் அந்தத் தப்பைச் செய்ததில்லை. "அது என்ன, அந்த அலுமினியம்?"

"அது ஒண்ணு புள்ளி அஞ்சு. இன்னும் நல்லா வெளிச்சம் வாங்கும். ஆனா வேற நாட்டு சரக்கு. எந்தக் கேமராவுல போடப் போறீங்கன்னு சொன்னீங்கன்னா..."

"பேப்பர் மேல போடப் போறேன்."

"அப்ப சரி."

மச்சினன் அதை மிரர்லெஸ்ஸில் மாட்டிப் பூஞ்சையின் முகத்தையே எடுத்தான். நாலு நாள் தாடி முடி முடியாகத் தெரிந்தது. பிறகு முக்கால் மணி நேரம் பேரம். இரண்டு முறை கோபித்துக்கொண்டு வெளியேறி, ஒருமுறை மறந்துவிட்ட குடையை எடுக்கத் திரும்பி வந்து, கண்ணாடிக்காரர் பாதி விலைக்கு முடித்தார். பூஞ்சை கண் கலங்கியதுபோல் ஒரு பாவனை காட்டினார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கண்ணாடிக்காரர் தரையில் கால் பாவாமல் நடந்தார். மச்சினன் அன்று மாலையே யாரோ கம்பெனி விழாவைப் படமெடுக்கக் கேமராவோடு வெளியூர் கிளம்பிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. மேடை விளிம்பில் முழங்கைகளை ஊன்றிக்கொண்டு கண்ணாடிக்காரர் ஒரு ரோல் முழுவதையும் தீர்த்தார். விதவை தன் கணவனின் ரகசியக் கடிதத்தைப் பிரிக்கிற கட்டம். அவள் தோளுக்குப் பின்னால் வேலைக்காரி எட்டிப் பார்ப்பாள். அந்த வேலைக்காரி நிஜத்தில் பல் டாக்டரம்மா.

திங்கட்கிழமை பிரிண்ட் வந்தது. முப்பத்தாறு படத்திலும் பல் டாக்டரம்மா கண்ணைப் பறித்தார். இமை, மச்சம், முப்பத்திரண்டு பல்லையும் எண்ணலாம். அவருக்கு முன்னால் பஞ்சு மூட்டை மாதிரி ஒன்று கடிதம் படித்துக்கொண்டிருந்தது.

டைரக்டர் துள்ளிக் குதித்தார். "பிரமாதம்! வேலைக்காரி கண்ணுல முழு நாடகமும் தெரியுது. முன்னாடி மங்கலா இருக்கற இடத்துல நாடகத்துப் பேரைப் பெருசாப் போட்டுக்கலாம்."

மனைவி வீட்டுக்கு வந்து ஒரு படத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். "பஞ்சு மூட்டைக்கு உங்க கடையில என்ன பவர் குடுப்பீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

கண்ணாடிக்காரர் பூஞ்சையின் கடைக்கு ஓடினார். "ஏமாத்திட்டீங்களே ஐயா! மாப்ள கேமராவுல கத்தி மாதிரி இருந்துச்சு, என் ரேஞ்ச்ஃபைண்டர்ல..."

"ரேஞ்ச்ஃபைண்டரா?" பூஞ்சை உண்மையிலேயே அதிர்ந்துபோனார். "அடப்பாவமே, அதைத்தானே சார் கேட்டேன்! மிரர்லெஸ்ல கண்ணால பார்த்து ஃபோகஸ் பண்றீங்க, தப்பே வராது. இந்த லென்ஸ் வேற கேமராவோட அளவுக்குச் செஞ்சது. மரை பொருந்தும், கணக்கு பொருந்தாது. உங்க ஜன்னல் ஒரு தூரம் சொல்லும், இது அதுக்குப் பின்னால பார்க்கும். சொல்லியிருந்தா அந்த எஃப் டூவையே கட்டிக் குடுத்திருப்பேனே. அது உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி."

"அதைக் குடுங்க இப்ப."

"நேத்துதான் ஒரு பொண்ணு வாங்கிட்டுப் போச்சு. வந்ததும் இன்ன கேமரா, இன்ன வேலைன்னு சொல்லுச்சு. பத்து நிமிஷத்துல வேலை முடிஞ்சது."

அன்று மாலை சுவரில் செய்தித்தாளை ஒட்டி, அளவு நாடாவோடு கண்ணாடிக்காரர் மல்லுக்கட்டினார். வளையத்தை மயிரிழை திருப்பி ஈடுகட்டிப் பார்த்தார். ஒருதரம் குறைந்தது, மறுதரம் கூடிப்போனது. மனைவி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு தள்ளிப் பார்க்குது?"

"ரெண்டு மீட்டர்ல ஒரு சாண் பின்னால."

"அப்ப நீங்க ஒரு சாண் பின்னால போய் எடுங்க."

"முழங்கையை ஊனி மூச்சைப் பிடிச்சு எடுக்கணும். ஃபோகஸ் பண்ணிட்டு அசைஞ்சா படமே போச்சு."

"சரி. நாளைக்கு என்னை ஃபோகஸ் பண்ணிட்டுத் தொண்டையைச் செருமுங்க. நான் போறேன்."

செவ்வாய்க்கிழமை கடைசி ஒத்திகை. விதவை கடிதத்தைப் பிரித்தாள். இருட்டில் யாரோ இருமினார்கள். அவள் நிமிர்ந்து, முகம் வெளிறி, ஒரு சாண் பின்வாங்கினாள். பல் டாக்டரம்மாவின் காலில் நச்சென்று மிதி விழுந்தது.

"அம்மா! என்ன இது, குறிச்ச இடத்தை விட்டுப் போறீங்க?" டைரக்டர் கத்தினார்.

"சாரி சார்" என்றாள். அடுத்த இருமலுக்கு மறுபடியும் போனாள். பதினோரு முறை இருமல், பதினோரு முறை பின்வாங்கல், ஆறு மிதி.

புதன்கிழமை வந்த படங்களை டைரக்டர் வெகுநேரம் கையில் வைத்திருந்தார். நெற்றி நரம்பு, நடுங்குகிற உதடு, கடிதத்தின் மடிப்பு எல்லாம் தெரிந்தன. படிக்கக் கூடாததைப் படித்துவிட்டவளின் உடம்பே பின்னால் சாய்ந்திருந்தது. "அந்தப் பின்வாங்கல்..." என்றார். "யார் சொல்லிக் குடுத்தது?"

விளக்கம் சொல்லக் கண்ணாடிக்காரர் வாயெடுத்தார். மனைவியின் பாதம் அவர் பாதத்தின் மேல் உட்கார்ந்தது. "எனக்கே தோணுச்சு சார்."

"இனிமே எல்லா ஷோவுலயும் இதே மாதிரி. போஸ்டரும் இதுதான்."

"இதுல நான் எங்க?" என்றார் பல் டாக்டரம்மா, படத்தை எட்டி வாங்கி.

"அதோ, புகை மாதிரி இருக்கே, அதுதான் நீங்க."

வெள்ளிக்கிழமை மனைவி அரை மணி முன்னதாகவே வேலைக்குக் கிளம்பினாள். பை கனமாக இருக்கிறது என்று சொல்லிக் கணவரையும் கூட்டிக்கொண்டாள். பையில் ஒரு டிபன் டப்பாதான் இருந்தது. ஆபீஸ் வாசல் சுவரில் பசை இன்னும் காயவில்லை. அதன் முன் பார்சல் பிரிவுக்காரர் போஸ்டரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்களா? நெசமாவா?"

"ஆமா" என்றாள், தினமும் நடக்கிற விஷயம் போல.

"படம் யார் எடுத்தது? உசுரோட இருக்கே!"

"இவருதான். நான் கொஞ்சம் நகர்ந்து குடுத்தேன்."

கண்ணாடிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அது என்னன்னா சார், அந்த லென்ஸைச் செஞ்சவன் எடுத்துக்கிட்ட கணக்கு வேற..."

செருமல் கேட்டதுமே அவள் கால் தானாக ஒரு சாண் பின்னால் போனது. பார்சல் பிரிவுக்காரர் "அட, அதே மாதிரி!" என்று கை தட்டினார். உள்ளேயிருந்து மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள். லென்ஸின் கணக்கைக் கேட்க யாரும் நிற்கவில்லை. எல்லாரும் அவளைச் சூழ்ந்துகொண்டு, இன்னொரு தடவை செய்து காட்டச் சொன்னார்கள்.

அவள் கூட்டத்தின் மேலாகக் கணவரைப் பார்த்தாள்.

"ஏங்க, நின்னு என்ன பார்க்கறீங்க? இருமுங்க."