நான்கு முறை கழன்ற சங்கிலி

மரம் வெட்டும் அண்ணன் ஒரே மாதத்தில் நான்காவது முறையாக மரம் அறுக்கும் மிஷினை என் ரிப்பேர் கடை மேசைமேல் கொண்டுவந்து வைத்தார். அறுக்கும் சங்கிலி கழன்று மூடிக்குள் சிக்கியிருந்தது.

"ரிப்பேர் பாக்குறியா தம்பி, இல்ல எனக்கு வேடிக்கை காட்டுறியா?"

அவர் அறுக்க அறுக்க, கிளைகளை இழுத்துப் போடுவது அண்ணி. அவரும் கூடவே வந்திருந்தார்.

"தம்பிய ஏன் வையறீங்க? நேத்து கழண்டப்ப என் காதோரமா சாட்டை மாதிரி வந்துச்சு தம்பி. கம்மல் தப்பிச்சது."

சிரித்தபடி சொன்னாலும் கை காதைத் தடவிக்கொண்டிருந்தது.

சங்கிலி கழல்வதற்குக் காரணங்கள் அதிகமில்லை. தேய்ந்து நீண்டிருக்கலாம், முதல் முறை அதை மாற்றினேன். அதைச் சுழற்றும் பல்சக்கரம் தேய்ந்திருந்தால் புதுச் சங்கிலிகூட அதில் சரியாக உட்காராது. இரண்டாம் முறை சக்கரத்தையும் மாற்றினேன். சங்கிலி ஓடும் நீண்ட தகட்டை நாங்கள் பார் என்போம். அதன் விளிம்புப் பள்ளம் அகன்றுவிட்டால் சங்கிலி சாய்ந்து வெளியேறும். மூன்றாம் முறை பாரும் புதிது. இனி சந்தேகப்பட மிஷினில் எதுவும் மிச்சமில்லை.

"புதுச் சங்கிலி ஓட ஓட நீளும். இடையில இறுக்குனீங்களா அண்ணே?"

"இருபத்தாறு வருஷமா இறுக்குறேன். எனக்கே பாடமா?"

"கோவிச்சுக்காதீங்க. எனக்காக ஒரு தடவை மாட்டிக் காட்டுங்க."

மாட்டுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. பாரின் முனையை ஒரு கையால் மேலே தூக்கிப் பிடித்தபடிதான் நட்டுகளை முறுக்க வேண்டும். பார் நிற்கும் இடத்தில் மேலும் கீழும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். முனை தொங்கும்போது முறுக்கினால் சங்கிலி கச்சிதமாகத்தான் தெரியும். மரத்தில் வைத்து அழுத்தியதும் பார் மேலே எழும்பும், சங்கிலி தொளதொளத்துவிடும்.

அண்ணனுக்கு இது தெரியாததல்ல. இடது கையால் முனையைத் தூக்கினார். பார்வையை ஸ்பேனருக்குத் திருப்பி, வலது கையால் முறுக்கத் தொடங்கினார். உடனே முனை மெல்ல இறங்கி மேசையில் உட்கார்ந்தது. இடது கை மட்டும் இன்னும் எதையோ தாங்குவதுபோல் அதைச் சுற்றி வளைந்திருந்தது.

"ஆச்சு. இதுல என்ன குத்தம் கண்டே?"

அண்ணியும் மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கொஞ்சம் கண்ண மூடுங்க."

"கண்ணாமூச்சியா? சரி, மூடிட்டேன்."

திருப்புளியின் நுனியை அவர் நடுவிரலில் வைத்து அழுத்தினேன்.

"எந்த விரல்ல தொடுறேன்?"

"முதல்ல தொடு, அப்புறம் கேளு."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார்.

மிஷினின் அதிர்வு ஆண்டுக்கணக்கில் கைக்குள் இறங்கினால் விரல் நரம்புகள் மெல்ல மெல்ல மரத்துப்போகும். கண் பார்க்கும்வரை கை சொன்னபடி கேட்கும். கண் விலகினால், தூக்கியிருப்பது எது, நழுவியது எது என்று கைக்குத் தெரியாது. இப்போதே நிறுத்தினால் மேலும் கெடாமல் இருக்கலாம். போனது திரும்பும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இதையெல்லாம் முடிந்தவரை மெதுவாகச் சொன்னேன்.

"காலையில சட்டைக்குப் பட்டன் போட என்னைக் கூப்பிடுவாரு," என்றார் அண்ணி. "புது மாப்பிள்ளைக்கு ஆள் வேணுமான்னு தெனமும் கேலி பண்ணேன் தம்பி."

அண்ணன் கண்ணைத் திறந்து, விரலில் பதிந்திருந்த குழியைப் பார்த்தார்.

"வேற பார் ஒண்ணு போட்டுப் பாப்பமா?"

நட்டைத் தளர்த்தி, முனையைத் தூக்கிப் பிடித்து, மறுபடி முறுக்கினேன். வாசலில் கிடந்த கட்டையை இருபது துண்டாக அறுத்தேன். சங்கிலி விலகாமல் தன் பள்ளத்திலேயே ஓடியது. ஒவ்வொரு துண்டு விழும்போதும் அவர் முகம் இன்னும் கொஞ்சம் வாடியது.

"நான் முனையத் தூக்கிப் புடிச்சுக்கிறேன்," என்றார் அண்ணி அவசரமாக. "நீங்க முறுக்குங்க. அவ்வளவுதானே?"

"மாட்டுறப்ப புடிச்சுப்ப. வெட்டுறப்ப மிஷினே நழுவுனா? எனக்குத் தெரியாதே. நீ பக்கத்துலதானே நிப்ப."

அண்ணியின் கை மறுபடி காதுக்குப் போனது. அண்ணன் மிஷின்மேல் ஒட்டியிருந்த மரத்தூளை ஊதிவிட்டு, அதை என் பக்கம் நகர்த்தினார்.

"நல்ல மிஷின் தம்பி. பொறுமையா வெட்டுற ஆளாப் பாத்துக் குடு."