சங்தே வீட்டு மூன்றாவது போன்

குமி நகரத்துப் போன் தொழிற்சாலையின் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பெரிய திரை உண்டு. உலகத்தில் எந்தக் கம்பெனி எத்தனை போன் விற்றது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதில் போடுவார்கள். அந்த வருடம் கோடையில் அமெரிக்கக்காரன் முதலிடத்துக்கு ஏறினான், நம்மவர்கள் இரண்டாவதுக்கு இறங்கினார்கள். மூன்றாவதாகச் சீனாக்காரன் குதிகாலை மிதிக்காத குறையாகப் பின்னாலேயே நின்றான். அன்று பலருக்குச் சோறு இறங்கவில்லை. பரிசோதனைப் பிரிவின் தலைவர் பியோ சங்தேக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

அடுத்த வாரமே 'வீடு முழுக்க நம் போன்' என்று ஓர் இயக்கம் தொடங்கியது. ஊழியரின் பெண்டாட்டி பிள்ளைகள், அப்பா அம்மா வரை எல்லாரும் கம்பெனி போன்தான் வைத்திருக்க வேண்டும், அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். சங்தே தன் வீட்டுக் கணக்கில் மூன்று என்று எழுதினார். இரண்டுதான் உண்மை.

மூன்றாவது போன் அவர் மகள் சேபோமுடையது. பதினைந்து வயது. "எங்க கிளாஸ்ல யாருமே உங்க போன் வச்சுக்கிறதில்லப்பா. அது அங்கிள் போனாம்" என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து அமெரிக்க போன் வாங்கிக்கொண்டாள். வாங்கிக் கொடுத்தவர் சாட்சாத் சங்தேதான். தெரிந்தவர் கண்ணில் படக்கூடாதென்று பக்கத்து நகரமான தேகு வரை போய் வாங்கினார்.

இப்பேர்ப்பட்ட மனிதர்தான் பிரிவுக் கூட்டத்தில் நாஹேயைப் பிடித்துக்கொண்டார். இருபத்தாறு வயதுப் பெண், வாயில்லாப் பூச்சி.

"திங்கிறது இங்க சோறு, பையில இருக்கறது அவன் போனா?"

"சார், எங்கம்மாவுக்குக் காது கேக்காது. உல்லுங் தீவுல தனியா இருக்காங்க. அவங்க கிட்டயும் இதே போன்தான். என் படத்தைத் தொட்டா நான் திரையில வருவேன், கையால பேசிப்போம். ரெண்டு பேர்கிட்டயும் இதே போன் இருந்தாத்தான் அது வரும். அவங்களுக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

"அப்ப நம்ம போனைத் தொடக் கத்துக்குடு. உங்கம்மா ஒருத்தங்களால நம்ம பிரிவோட நூறு சதவீதம் போகுது."

எல்லாரும் சிரித்தார்கள். மறுநாள் நாஹே பழைய போனைக் கடையில் கொடுத்துவிட்டுக் கம்பெனி போனோடு வந்தாள். அம்மாவுக்கும் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு, கற்றுக்கொடுக்கத் தீவுக்குக் கிளம்பினாள். இரண்டு முறை கிளம்பியும், கடல் சரியில்லை என்று இரண்டு முறையும் கப்பல் புறப்படவில்லை. இது சங்தேக்குத் தெரியும். விடுப்புச் சீட்டில் கையெழுத்துப் போட்டவரே அவர்தான்.

அக்டோபரில், ஊழியர்கள் வீட்டாரைத் தொழிற்சாலைக்குள் அழைத்து வரும் குடும்ப நாள் வந்தது. யாரும் படமெடுக்காதபடி, உள்ளே வருகிற ஒவ்வொரு போனின் கேமராமீதும் வாசலில் கறுப்புத் தாள் ஒட்டி, யாருடைய போன், எந்தக் கம்பெனி என்று நோட்டில் எழுதுவார்கள். போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வா என்று மகளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார் சங்தே. அவளோ வரிசையில் நின்றுகொண்டு மேல்கோட்டுப் பையிலிருந்து அதை உருவினாள். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் நாஹே. சங்தேக்குப் பின்னால் மேலாளர் நின்றிருந்தார்.

நாஹே போனைப் பார்த்தாள். சங்தேயைப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையால் போனை மூடியபடியே தாளை ஒட்டினாள்.

"பியோ சேபோம், நம்ம போன் ஒண்ணு" என்று வாய்விட்டுச் சொல்லி எழுதினாள்.

அவள் காட்டிக்கொடுத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். காப்பாற்றிவிட்டாள். சங்தேக்குக் காது மடல் எரிந்தது.

மதியம் நூறு சதவீதப் பிரிவுக்கு மேடையில் ஒரு பெட்டி பேரிக்காய் கொடுத்தார்கள். மைக் கைக்கு வந்தது. இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். கீழே இருநூறு முகங்கள். "எல்லாம் எங்க ஆளுங்களோட உழைப்பு" என்று சொல்லிவிட்டு இறங்கினார். தன் வாயைத் தானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

திரும்பும்போது ஒட்டிய தாளை உரித்துக் கொடுத்ததும் நாஹேதான். கூட்டம் கரைந்திருந்தது. உரித்த போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு சேபோமிடம் மெல்லக் கேட்டாள்: "தங்கச்சி, இதுல எங்கம்மாவை ஒரு தடவை பாத்துக்கட்டுமா?"

புது எண்ணாக இருந்தும் அம்மா எடுத்துவிட்டாள். நாஹே போனைத் தண்ணீர்ப் புட்டியில் சாய்த்து வைத்துவிட்டு இரண்டு கையாலும் பேசினாள். திரையில் அந்தக் கிழவியின் கைகள் படபடவென்று ஓடின.

"என்னக்கா சொல்றாங்க?" என்றாள் சேபோம்.

"மூணு மாசமாத் தொட்டுத் தொட்டுப் பாத்தாங்களாம், நான் வரலையாம். என் மேல கோவமான்னு கேக்கறாங்க." மூக்கை உறிஞ்சிக்கொண்டு சங்தே பக்கம் திரும்பினாள். "இது யார் போன்னும் கேக்கறாங்க. எங்க தலைவர் வீட்டுப் போன்னு சொன்னேன். அவரைக் காட்டுன்றாங்க, சார்."

சங்தே மறுப்பதற்குள் திரை அவர் பக்கம் திரும்பிவிட்டது. கிழவி அவசரமாகத் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு எழுந்து நின்றாள். பிறகு இடுப்பை வளைத்து, நரைத்த உச்சந்தலை மட்டும் தெரிகிற அளவுக்கு, அவரைக் குனிந்து வணங்கினாள். நெடுநேரம் நிமிரவே இல்லை.

பதிலுக்குச் சங்தேயும் குனிந்தார். கையிலிருந்த பேரிக்காய்ப் பெட்டி வயிற்றில் இடித்தது.

"அவங்க ஏம்பா உங்களுக்கு நன்றி சொல்றாங்க?" என்று சேபோம் கேட்டாள். அவர் குனிந்தபடியே இருந்தார்.