முதல் ஊசி யாருக்கு

ஐம்பத்தேழாம் வருஷம் ஆனி மாதத்தில் ஃப்ளூ காய்ச்சல் கெலமங்கலத்துப் பக்கம் வந்தபோது செல்லி தன் மூத்த மகளைப் பறிகொடுத்தாள். அப்போது அவள் நிறைமாதம். அடுத்துப் பிறந்த பையனை மார்பை விட்டு இறக்கவே அவளுக்கு மனம் வரவில்லை.

கார்த்திகையில் கேழ்வரகு அறுப்பு நெருங்கும் சமயம், சேரியில் இருக்கும் கைக்குழந்தைகளை எல்லாம் தன் களத்துக்குத் தூக்கிவரச் சொல்லி நாராயணப்பன் ஆள் அனுப்பினார். சேரி சனம் முழுக்க அவர் நிலத்தில்தான் கூலிக்குப் போனது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

களத்தில் ஒரு ஜீப் நின்றது. பெங்களூரிலிருந்து வந்த டாக்டர் சாந்தம்மா ஸ்டவ்வில் ஊசிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

"ஃப்ளூ காய்ச்சலுக்குத் தடுப்பூசி. உங்க நல்லதுக்குத்தான்" என்றார் நாராயணப்பன். "வரிசையா நில்லுங்க."

செல்லி வரிசையில் முதலில் நின்றாள். டாக்டர் குழந்தையின் தொடையைப் பஞ்சால் துடைத்தபோது அவள் கையை விலக்கினாள்.

"அம்மா, இத இதுக்கு மின்ன எந்தக் கொழந்தைக்குப் போட்டீங்க?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "பெரியவங்களுக்குப் போட்டிருக்கோம். இவ்வளவு சின்னக் குழந்தைக்கு இதான் முதல். ஒத்துக்குதான்னு பார்க்கத்தான் வந்திருக்கேன்."

"பாக்குறதுக்கு எங்க புள்ளைங்கதானா? எஜமான் வூட்லயும் ஒரு பேரன் தொட்டில்ல கெடக்குதே!"

செல்லியின் புருஷன் திம்மப்பன் பின்னாலிருந்து அவள் முந்தானையை இழுத்தான். அவள் அசையவில்லை.

"அவன் என் வாரிசு!" நாராயணப்பனின் குரல் உடைந்தது. "அவன எதுக்கு இழுக்கிற?"

"இவனும் எனக்கு வாரிசுதான், எஜமான்."

"நாளைக்கு அறுப்புக்கு நீ வர வேணாம். உன் புருஷனும் வர வேணாம்."

"சரிங்க" என்றாள் செல்லி. குழந்தையை மார்போடு சேர்த்து இறுக்கிக்கொண்டு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் ஒருத்தி, அப்புறம் இன்னொருத்தி என்று வரிசை கலைந்தது.

டாக்டர் ஸ்டவ்வை அணைத்தார். "எல்லாருக்கும் சம்மதம்னு சொன்னீங்களே ஐயா" என்று நாராயணப்பனிடம் கேட்டார். "அவங்க என்ன சொல்றது, நான் சொன்னா போதாதா?" என்றார் அவர்.

மறுநாளிலிருந்து செல்லியும் திம்மப்பனும் பொழுது விடியும்போதே புறப்பட்டுத் தளி பக்கம் போய்க் கூலிக்கு அறுத்தார்கள். "ஒரு ஊசிக்காக ஊரப் பகைச்சுக்கிட்டியே" என்று வழியெல்லாம் திம்மப்பன் புலம்பினான். "ஊசியப் பகைக்கல நான்" என்றாள் அவள். "நம்மளக் கேக்காததத்தான் பகைச்சேன்."

அறுப்பு முடியும் தறுவாயில் டாக்டர் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை ஜீப் இல்லை. பஸ்ஸில் வந்து இறங்கி, நேராகச் சேரிக்கு நடந்து வந்து, செல்லி வீட்டு வாசலில் தரையில் உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரிஞ்சதச் சொல்றேன், தெரியாததயும் சொல்றேன். போட்ட இடம் வீங்கும். காய்ச்சல் அடிக்கலாம். பெரியவங்களுக்கு அதுக்கு மேல ஒண்ணும் ஆகல. குழந்தைக்கு என்ன ஆகும்னு எனக்கு நிச்சயமாத் தெரியாது. வேண்டாம்னு சொன்னா நான் எழுந்து போயிடறேன்."

"போட்டுட்டு நீங்க பெங்களூர் போயிருவீங்க. காச்ச வந்தா நாங்க எங்க ஓடுறது?"

"போகல. இங்கேயே தங்கறேன்."

"எங்க?"

"உன் வீட்டுல, இடம் கொடுத்தா."

சேரியில் தங்குகிறேன் என்று அதுவரை வெளியாள் யாரும் சொல்லிச் செல்லி கேட்டதில்லை. அவள் உள்ளே போய்ப் பாயை எடுத்து வந்து விரித்தாள்.

அந்த நேரத்தில் தெருமுனையில் பட்டுப்புடவை ஒன்று தெரிந்தது. நாராயணப்பனின் மருமகள் சரோஜம்மாள், குழந்தையோடு தனியாக வந்துகொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"டாக்டரம்மா இந்தப் பக்கம் நடந்து வர்றதப் பாத்தேன். மாமாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா தெரியட்டும்" என்றாள். "ஆனியில என் தங்கச்சி கொழந்தையும் போச்சு. இவனுக்கே மொதல்ல போடுங்க."

"வேணாம்மா" என்றாள் செல்லி. "ரெண்டு பேருக்கும் ஒண்ணாப் போடட்டும்."

அன்று நாலு தாய்மார்கள் சரி என்றார்கள். பக்கத்து வீட்டு முனிலட்சுமி மாட்டேன் என்றாள். டாக்டர் அவளை வற்புறுத்தவில்லை.

செல்லியின் பையனுக்குக் காய்ச்சல் அடித்தது. தொடை சிவந்து வீங்கியது. டாக்டர் ஈரத்துணியைப் போட்டபடி அவன் பக்கத்திலேயே கிடந்தார். செல்லி அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் உச்சிவேளைக்குக் காய்ச்சல் இறங்கிப் பையன் பாலுக்கு அழுதபோதுதான் அவள் கேழ்வரகுக் களியைக் கிண்டி டாக்டருக்கு வைத்தாள்.

மற்றக் குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த சந்தையில் நாராயணப்பன் செல்லியை எதிரில் பார்த்து நின்றார். "அவ்வளவு வாய் பேசினியே. கடைசியில போட்டுக்கிட்டியா இல்லையா?"

"போட்டேன், எஜமான்" என்றாள் செல்லி. அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "என்னயக் கேட்டாங்க. போட்டேன்."