கடைசி மடக்கு

கிண்ணத்தில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் வைப்பது என்பதுதான் ஆஸ்லாவுக்குப் பிடிபடவில்லை. நிறைய இருந்தால், மனிதர் குடிக்கவே இல்லையே என்பார்கள். அடியில் கொஞ்சமாக நின்றால், சாகிற தகப்பனுக்கு இவ்வளவுதான் ஊற்றினாயா என்பார்கள். ஸ்கெல்லா தீவில் எதையும் சொல்லாமல் விடுகிறவர்கள் கிடையாது. அப்படி இருந்த ஓரிருவரும் கடலுக்கு அடியில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பாதிக்கு விட்டாள். பிறகு, விளிம்பில் உதடு பட்ட ஈரம் வேண்டுமே என்று தோன்றி, தானே ஒரு வாய் குடித்துவைத்தாள்.

உள்ளே அவள் அப்பா கோர்மலின் சடலத்தைப் பெண்கள் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். தலைமாட்டில் பக்கத்து வீட்டுத் தோர்னா. எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் தலைமாடு அவளுடையதுதான். அங்கே உட்கார்ந்தால் அந்த வீட்டின் அலமாரிகள் எல்லாம் கண்ணில் படும்.

"கொண்டா, நெஞ்சுப் பக்கம் வை. எப்படிடி குடிச்சாரு? ஒரே மடக்கா, விட்டு விட்டா?"

"விட்டு விட்டு."

"உன் பேர் சொன்னாரா?"

"சொன்னாரு."

"குடுத்து வெச்சவடி நீ. எங்கப்பன் என் கையால வாங்கிக் குடிச்சுட்டு, உப்புக் கரிக்குதுன்னுட்டுப் போய்ச் சேர்ந்தான்."

பெண்கள் சிரித்தார்கள். சாவு வீட்டில் ஒரு அளவுக்குச் சிரிக்கலாம்.

கடைசி மடக்குத் தண்ணீர் கொடுத்தவர்தான் மிச்சத் தண்ணீரோடு கிண்ணத்தை ஏந்திச் சவத்துக்கு முன்னால் நடக்க வேண்டும். முதலில் கடலில் இறங்கி, 'தாகம் தீர்ந்துதான் வருகிறான், ஏற்றுக்கொள்' என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் பொய்யானால் செத்தவர் கடல் வற்றும் நேரத்தில் எழுந்து வந்துவிடுவார். வடமுனையில் ஒருத்தியின் மாமியார் இன்னமும் வந்து தண்ணீர்ப் பானையை நக்கிவிட்டுப் போகிறாள். அந்த வீட்டில் விருந்தாளிகள் தங்குவதில்லை. மருமகளுக்கு அதில் ஒரு வசதியும் உண்டு என்று தோர்னா சொல்வாள்.

ஆஸ்லாவுக்குத் தெரிந்ததெல்லாம் காலையில் நடந்ததுதான். விடிந்ததிலிருந்து அப்பா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஓடிப்போய்க் கிண்ணத்தை நீட்டினால் உதட்டை நனைத்துவிட்டு, "தண்ணிக்கில்ல, சும்மாதான் கூப்ட்டேன்" என்பார். கொல்லையில் இறகு பிடுங்கவேண்டிய பறவைகள் குவிந்துகிடந்தன. இந்த ஒன்றை முடித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தாள். "ஆஸ்லா" என்று கேட்டது. மறுபடியும் கேட்டது. அவள் பாட ஆரம்பித்தாள். இறகு பிடுங்கும்போது எல்லோரும் பாடுகிற பாட்டுதான். கொஞ்சம் சத்தமாகவே பாடினாள்.

பாட்டு முடிந்தபோது உள்ளே சத்தம் இல்லை. நிம்மதியாக இருந்தது.

அதற்கப்புறம் போனபோது கட்டிலருகே முயிரென் குனிந்து நின்றாள். கிண்ணம் அவள் கையில் இல்லை. குவித்த உள்ளங்கைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அப்பாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது.

"கூப்ட்டுட்டே இருந்தாரு. வழியோட போனேன். கேட்டுச்சு" என்றாள் முயிரென். பாசிக்கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அவள் கடலிலிருந்து வந்தவள். போர்த்தினால் கடல்நாயாகித் திரும்பிப் போய்விடுவாள் என்று, அவளுடைய தோலை எங்கேயோ ஒளித்துவைத்துவிட்டுத்தான் தோர்னாவின் தம்பி அவளோடு குடும்பம் நடத்துகிறான். ஊரார் அவளைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவார்கள். பந்தியில் உட்காரச் சொல்லமாட்டார்கள். 'யார் குடுத்தது?' என்று தோர்னா வாசலில் வந்து கேட்டபோது, அந்தக் கடல்காரி என்று சொல்ல ஆஸ்லாவுக்கு நாக்கு எழவில்லை. நான்தான் என்றாள். கூடையோடு வேலியோரம் நின்ற முயிரென் அதைக் கேட்டாள்.

இப்போது தோர்னா சவத்தின் முகத்தருகே குனிந்து மூக்கைச் சுளித்தாள். "இதென்னடி, தாடியில பாசி வாடை?"

ஆஸ்லா நெஞ்சருகே வைத்த கிண்ணத்தை நேராக்கினாள்.

"நான்தான் அண்ணி" என்றாள், கால்மாட்டில் வாளியோடு நின்ற முயிரென். "இப்பதான் மொகத்தத் தொடச்சேன். கை கழுவல."

"கழுவினா மட்டும் போயிருமாக்கும்?"

பெண்கள் மறுபடி சிரித்தார்கள். ஆஸ்லாவும் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகுதான் தானும் சிரித்தது அவளுக்கு உறைத்தது. முயிரென் வாளியைக் கீழே வைத்துவிட்டு அப்பாவின் விரலிடுக்குகளைத் துடைக்கத் தொடங்கியிருந்தாள்.

சவத்தைப் படகில் கிடத்தி, படகோடு தூக்கிக்கொண்டு துறைக்கு இறங்கினார்கள். ஆஸ்லா முன்னால் நடந்தாள். கிண்ணம் சிந்தாமல் வந்தது. தோர்னா பின்னாலிருந்து, "நடையப் பாரு, ராணி மாதிரி" என்று யாரிடமோ மெச்சிக்கொண்டாள். முயிரென் எல்லோருக்கும் கடைசியில் வந்தாள். அவள் இடம் அது.

தண்ணீர் விளிம்பில் துறைப்பெரியவர் ஈவர் கோலை ஊன்றினார்.

"கோர்மலோட தாகத்தத் தீர்த்தது யாரு?"

நான் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அலை ஒன்று வந்து அவள் கால் விரல்வரை எட்டிப்பார்த்துவிட்டுப் போனது. அப்பா திரும்பி வந்து வாசலில் நின்று கூப்பிட்டால் எழுந்துபோய்க் கதவைத் திறப்போமா, இல்லை பாட ஆரம்பிப்போமா? அவளுக்கே தெரியவில்லை.

"முயிரென்."

"சத்தமாச் சொல்லும்மா."

"முயிரென் குடுத்தா, பெரியவரே. நான் கொல்லையில இருந்தேன். அப்பா கூப்ட்டாரு. காதுல விழுந்துச்சு. போகல."

"ஏன்டி, விட்டு விட்டுக் குடிச்சாருன்னு என்கிட்ட…" என்று ஆரம்பித்த தோர்னா, ஈவர் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். கூட்டம் விலகியது. முயிரென் முன்னால் வந்தாள்.

"உன் கையாலயா குடிச்சான்?" என்று கேட்டார் ஈவர்.

"ஆமா."

"உன் பேரச் சொன்னானா?"

முயிரென் ஆஸ்லாவைப் பார்க்காமல் சொன்னாள்: "ஆஸ்லான்னாரு. நான் ஆமாப்பான்னேன்."

ஆஸ்லா கிண்ணத்தை அவளிடம் நீட்டினாள்.

"வேணாம்க்கா. நான் இதுல குடுக்கல."

கடலில் இறங்கி, வெறும் கைகளைக் குவித்து நீட்டி, சொல்லவேண்டியதைச் சொன்னாள். வந்த நாளிலிருந்து அவள் அவ்வளவு உரக்கப் பேசி யாரும் கேட்டதில்லை. ஆண்கள் படகைத் தள்ளினார்கள். ஊர் முழுவதும் பின்னாலேயே இடுப்பளவு தண்ணீருக்குள் போனது. முட்டிவலிக்காரி தோர்னாவும் போனாள். ஆஸ்லாவை வா என்றோ வேண்டாம் என்றோ யாரும் சொல்லவில்லை. அவள் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு மணலிலேயே நின்றாள்.

படகு சிறுத்து மறைந்ததும் எல்லோரும் கரையேறி, துணியைப் பிழிந்துகொண்டே அவளைக் கடந்து போனார்கள். தோர்னா எதிரில் நின்று வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு நடந்தாள்.

மேட்டுப் பாதை நெடுக அவர்கள் துணியிலிருந்து சொட்டிய தண்ணீரில் மண் கறுத்திருந்தது. கடைசியாக வந்த ஆஸ்லாவின் பாவாடை மட்டும் காற்றில் படபடத்தது. அதை ஒரு கையால் அமுக்கிப் பிடித்தபடி ஏறினாள்.