சிக்கலைத் தொடாத வழி

மேற்குத் தாம்பரத்தில் அந்தத் தெருக்காரர்கள் யாராவது வெளியூர் போவதென்றால், ஸ்டேஷனில் விசாரிப்பதற்கு முன்னால் யூனிஸ் டீச்சர் வீட்டில் ஒரு தடவை விசாரித்துவிடுவார்கள். யூனிஸ் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவள். எந்த ரயிலை எங்கே விட்டு எதைப் பிடிப்பது, எந்த ஊரில் விடியற்காலையில் இறங்கினால் காப்பி கிடைக்கும், எங்கே பஸ்ஸுக்குக் காத்திருப்பது வீண் என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பழநிக்கும் திருப்பதிக்கும் எத்தனையோ பேரை வழி சொல்லி அனுப்பியிருக்கிறாள். அவள் மட்டும் எங்கேயும் போனதில்லை. மே மாத லீவு வந்தால் காட்பாடியில் நாத்தனார் வீடு. லீவு முடிந்தால் மறுபடியும் தாம்பரம். அதில் அவளுக்குப் பெரிய குறை ஒன்றும் இல்லை. அட்லஸை மடியில் விரித்து வைத்துக்கொண்டு பிறத்தியாரை ஊர் ஊராக அனுப்புவதிலேயே பாதிப் பயணம் போய்வந்த திருப்தி கிடைத்துவிடும்.

எழுபத்தோராம் வருஷம் முழுப் பரீட்சை நடந்துகொண்டிருந்த சமயம். கோவளத்துக்குப் பக்கத்துக் குப்பத்திலிருந்து சனிக்கிழமைதோறும் மீன் கொண்டுவரும் முத்தாலம்மாள், அன்றைக்கு வஞ்சிரத்தை நறுக்கிக் கொடுத்த பிறகும் எழுந்திருக்கவில்லை. அரிவாள்மணையைத் துடைத்தாள், கூடையைச் சரிசெய்தாள், மறுபடியும் அரிவாள்மணையைத் துடைத்தாள்.

"டீச்சரம்மா, ஊருக்கெல்லாம் வழி சொல்றீங்களாமே. எங்களுக்கும் ஒண்ணு சொல்லுங்க. நாகூருக்கும் போவணும், சிக்கலுக்கும் போவணும்."

இது பெரிய காரியமா என்று யூனிஸ் சொல்லத் தொடங்கினாள். திருவாரூரில் மாறி நாகூர் ரயிலில் ஏறினால், சிக்கல், நாகப்பட்டினம், நாகூர் என்று ஒரே கோட்டில் மூன்றும் வந்துவிடும். முதலில் சிக்கலில் இறங்கி முருகனைப் பார்த்துவிட்டு அப்படியே நாகூர் போய்விடலாம்.

"அதத்தான் அஞ்சு வருசமா நானும் சொல்லிகினு கீறேன்," என்றாள் முத்தாலம்மாள்.

பிறகு விஷயத்தைச் சொன்னாள். அறுபத்தாறாம் வருஷப் புயலில் அவள் புருஷன் வடிவேலு கடலில் மாட்டிக்கொண்டான். ஆளும் கட்டுமரமும் போனதுதான் என்று கரையில் இருந்தவர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். முத்தாலம்மாளின் அம்மாவுக்கு நாகப்பட்டினத்துப் பக்கம். அந்த வழியில் அவளுக்குச் சிக்கல் சிங்காரவேலர்தான் எல்லாம். 'இந்த மனுசனைக் கொண்டாந்து சேத்துடு, அவரை அவரு கால்லயே நடத்திகினு உன் சன்னதிக்கு வரேன்' என்று மணலில் விழுந்து நேர்ந்துகொண்டாள். அங்கே கடலில் வடிவேலு நாகூர் ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டிருக்கிறான். மறுநாள் மகாபலிபுரத்துக்குத் தெற்கே, கட்டுமரத்தின் ஒற்றைக் கட்டையைக் கட்டிப்பிடித்தபடி கரையேறினான்.

ஆள் வந்துவிட்டான், நேர்ச்சைதான் நிறைவேறவில்லை. எங்கே முதலில் போவது என்பதில் தகராறு. வழியில் இருக்கிற முருகன் வாசலை இறங்காமல் தாண்டிப் போனால் அது அவமரியாதை என்பாள் அவள். நாகூர்தான் முதலில் என்பான் அவன். ஏன் என்று கேட்டால் வாயைத் திறக்கமாட்டான். வருஷா வருஷம் பேச்சு எழும், சண்டை வரும், பயணம் நின்றுபோகும்.

அதோடு போகவில்லை. கரையேறிய நாளிலிருந்து வடிவேலு ஒரு கோயிலுக்குள்ளும் கால் வைக்கவில்லை. குப்பத்து அம்மன் திருவிழாவுக்குக்கூட வேலை எல்லாம் செய்துவிட்டு எட்ட நின்றுகொண்டான். மகள் கன்னியம்மாவுக்குத் திருப்போரூர் கோயிலில் தாலி கட்டினார்கள். பெற்ற அப்பன் குளக்கரையிலேயே உட்கார்ந்துவிட, தாரை வார்த்துக் கொடுத்தது தாய்மாமன். முத்தாலம்மாள் சம்பந்திகளிடம் அவருக்குக் காலில் ஆணி, நடக்க முடியவில்லை என்று சொல்லிச் சமாளித்தாள்.

"சாமிங்க மேல கோவம் அவருக்கு," என்றாள். "மரம் போச்சில்ல, அந்தக் கோவம். என்கிட்டச் சொல்லமாட்டாரு. நீங்க படிச்சவங்க, உங்க பேச்சைக் கேப்பாரு."

அடுத்த சனிக்கிழமை ஆளை அழைத்துவரச் சொன்னாள் யூனிஸ். இதில் ரயில் வழி மட்டும் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் அதைத் தவிர வேறு எதைத்தான் அவளால் சொல்ல முடியும்?

வடிவேலு வந்தான். நல்ல உயரம், அகன்ற தோள், வெளுத்த சட்டை. யூனிஸின் கணவர் ஐசக் ஈஸி சேரிலிருந்து எழுந்து உள்ளே வரச் சொன்னார். வடிவேலு படியருகே வந்து நிமிர்ந்து பார்த்தான், அங்கேயே நின்றுவிட்டான். யூனிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவன் நகரவில்லை. முத்தாலம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. பெரியவர்கள் கூப்பிடும்போது இதென்ன மரியாதை என்று கேட்டாள்.

அவன் உள்சுவரைக் காட்டினான். அங்கே கண்ணாடி போட்ட ஒரு வாசகம் மாட்டியிருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தான். "கிறிஸ்துவே... இவ்வீட்டின்... தலைவர்."

"ஆமா," என்றாள் யூனிஸ்.

"அப்போ இது அவரு வாசல்தானே, டீச்சரம்மா? நான் மிதிக்கக் கூடாது."

வடிவேலு தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "தண்ணிக்குள்ள கெடக்கும்போது வாய்ல வந்தது இதான். ஆண்டவரே, என்னைக் கரை சேத்துடு, உன் வாசலை மிதிக்காம இன்னொரு சாமி வாசலை மிதிக்கமாட்டேன்னு சொல்லிட்டேன். சொன்னது சொன்னதுதானே."

கோவளத்திலேயே ஒரு தர்கா இருக்கிறதே, அதற்காவது போயிருக்கலாமே என்று ஐசக் கேட்டார். அதுவும் வேறு வாசல்தான் என்றான் வடிவேலு. நாகூருக்கு மட்டும் தனியாகப் போய்வந்திருக்கலாமே என்றதற்கு, பெண்டாட்டியோடு வருகிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன் என்றான்.

முத்தாலம்மாள் படியில் உட்கார்ந்துவிட்டாள். "இத்த என்கிட்டச் சொல்றதுக்கு இன்னா?" என்றாள். குரலில் கோபம் இல்லை.

"உன் முருகன் பேரைத்தானே எனக்கு வெச்சிருக்காங்க. அந்த நேரத்துல அவரு பேரு வரல. எங்கப்பன் சொல்லிக் குடுத்த பேருதான் வந்துது. நீ மனசு சங்கடப்படுவேன்னு சொல்லல."

கல்யாணத்தன்று குளக்கரையில் புது வேட்டியோடு இந்த மனிதன் உட்கார்ந்திருந்ததை யூனிஸ் நினைத்துப் பார்த்தாள். நாதஸ்வரச் சத்தம் மதிலைத் தாண்டி வந்திருக்கும். அதைக் கேட்டுத்தான் தாலி கட்டியாகிவிட்டது என்று தெரிந்துகொண்டிருப்பான்.

உள்ளே வராவிட்டால் போகட்டும் என்று ஐசக் நாற்காலிகளை வெளியே முருங்கை மரத்தடிக்குக் கொண்டுவந்து போட்டார். யூனிஸ் அட்லஸை எடுத்துவந்தாள். காப்பியும் வந்தது.

முத்தாலம்மாள் இப்போது நாகூர்தான் முதலில் என்று ஒத்துக்கொண்டாள். ஆனால் சிக்கல் ஸ்டேஷனில் ரயில் நிற்கும்போது உள்ளே உட்கார்ந்துகொண்டு கோபுரத்தைப் பார்க்காத மாதிரிப் போக அவளால் முடியாது. கண்ணை மூடிக்கொள்ளேன் என்றான் வடிவேலு. முருகன் கண்ணை யார் மூடுவது என்றாள் அவள்.

யூனிஸ் விரலை வரைபடத்தில் ஓட்டினாள். திருவாரூர் வழியாகப் போனால் சிக்கலைத் தவிர்க்க முடியாது. விரல் திரும்பி மாயவரத்துக்கு வந்தது. அங்கிருந்து கிழக்கே கடலைப் பார்த்து ஒரு சின்ன ரயில் பாதை ஓடியது. அது போய் முடியும் இடம் தரங்கம்பாடி. அங்கிருந்து கடலோரமாகவே காரைக்கால், நாகூர் என்று பஸ். வரும்போது நாகூரிலிருந்து ரயில் ஏறினால் சிக்கலில் இறங்கி, முருகன் வாசலுக்கு நேராகப் போய்விடலாம். யாருடைய வாசலையும் தாண்ட வேண்டியதில்லை.

"இதான் வழி," என்றாள். எத்தனையோ பேருக்கு வழி சொன்னவள்தான். இந்த வழி கிடைத்ததில் அவளுக்கே ஒரு பூரிப்பு.

"அந்தத் தரங்கம்பாடியில இன்னா கீது?" என்று முத்தாலம்மாள் கேட்டாள்.

யூனிஸ் சாதாரணமாகத்தான் பதில் சொல்லத் தொடங்கினாள். தங்கள் லுத்தரன் சபையின் முதல் பாதிரிமார் கப்பலிலிருந்து இறங்கிய கரை அது. மணலில் எழுதித் தமிழ் படித்தார்களாம். வேதப் புஸ்தகத்தைத் தமிழில் அச்சுப் போட்டதும் அங்கேதான். அவர்கள் கட்டிய கோயில் இன்னும் இருக்கிறது, கோட்டை இருக்கிறது, அலை அந்தக் கோட்டைக்குப் பக்கத்திலேயே வந்து அடிக்கும். ஞாயிறு பள்ளியில் படித்தது, அப்பா சொன்னது, எங்கோ ஒரு படத்தில் பார்த்தது என்று சொல்லிக்கொண்டே போனாள். ஐசக் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க போயிருக்கீங்களா?" என்று வடிவேலு கேட்டான்.

"இல்லை."

"அப்போ நீங்களும் வாங்க டீச்சரம்மா," என்றாள் முத்தாலம்மாள். "எங்களை இட்டுகினு போன மாதிரியும் இருக்கும்."

எங்கள் சபையில் யாத்திரை போகிற வழக்கமெல்லாம் கிடையாது என்று யூனிஸ் சிரித்து மழுப்பினாள். ஆனால் அன்று சாயங்காலம் விளக்கேற்றிய பிறகும் அட்லஸ் மேஜைமேல் திறந்தே கிடந்தது. ஐசக் வந்து எதிரே உட்கார்ந்தார். சபையில் யாராவது ஏதாவது பேசுவார்களே என்றார். தர்காவுக்கும் கோயிலுக்கும் போனாள் என்று கதை கட்டுவார்களே என்றார். யூனிஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"நான் வெளியில நின்னு அவங்க செருப்பைப் பாத்துக்குவேன்," என்றாள். "தரங்கம்பாடிக்கு மட்டும் போகணும்போல இருக்குங்க."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் எங்காவது போகணும் என்று கேட்டதில்லை என்பது ஐசக்குக்கு அப்போதுதான் உறைத்தது போலிருக்கிறது. காட்பாடிக்கு இந்த வருஷம் வரமுடியாது என்று அக்காவுக்கு எழுதிப் போட்டுவிடலாம் என்றார். "நானும் வரேன். நாலு பேராப் போனா நல்லதுதானே."

மே மாதத்தில் ஒரு சாயங்காலம் தாம்பரத்தில் நால்வரும் ரயிலேறினார்கள். முத்தாலம்மாள் கருவாட்டுக் குழம்பும் சோறும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். செங்கல்பட்டு தாண்டுவதற்குள் ஐசக் அதில் பாதியைத் தீர்த்துவிட்டார்.

தரங்கம்பாடியில் இறங்கியபோது காலை வெயில் கடல்மேல் விழுந்திருந்தது. யூனிஸ் நினைத்து வைத்திருந்ததைவிட எல்லாமே சின்னதாக இருந்தது. தெரு சின்னது, கோயில் சின்னது. அதனாலேயே அவளுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. முத்தாலம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு அவளோடு உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். யூனிஸ் ஜெபம் பண்ணலாம் என்று கண்ணை மூடினாள். வார்த்தை ஒன்றும் வரவில்லை, கண்ணீர்தான் வந்தது. ஏன் என்று முத்தாலம்மாள் கேட்கவில்லை. தன் முந்தானையை நீட்டினாள். வடிவேலு சொன்ன சொல் மாறாமல் வெளியே கடற்கரையில் இருந்தான். அவர்கள் திரும்பி வந்தபோது அந்த ஊர் மீனவர்களோடு சேர்ந்து வலை இழுத்துக்கொண்டிருந்தான்.

நாகூருக்கு மத்தியானம் போய்ச் சேர்ந்தார்கள். வடிவேலு மொட்டை போட்டுக்கொண்டு, குளத்தில் முங்கி, ஈரம் சொட்டச் சொட்ட வாசலுக்கு வந்தான். காணிக்கையாகச் செலுத்த, தகரத்தில் செய்த சின்னப் படகு ஒன்றை வாங்கிக் கையில் வைத்திருந்தான். வாசற்படியில் ஒரு நிமிஷம் நின்று பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் தலைக்கு முந்தானையைப் போட்டுக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து நின்றாள். இரண்டு பேரும் சேர்ந்து உள்ளே போனார்கள். யூனிஸ் சொன்னபடி செருப்புகளோடு வெளியே உட்கார்ந்தாள். பக்கத்தில் ஐசக்கைக் காணவில்லை. சபைக்குப் பயந்த மனிதர் தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, மினாரா எவ்வளவு உயரம் என்று விசாரித்தபடி எப்போதோ உள்ளே போய்விட்டிருந்தார்.

மறுநாள் சிக்கலில் வடிவேலு தன் காலாலேயே நடந்து போய் முருகன் முன்னால் நின்றான். முத்தாலம்மாள் ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லையாம். 'பாத்துக்க, கொண்டாந்துட்டேன்' என்று மட்டும் சொன்னாளாம்.

யூனிஸ் போட்ட திட்டப்படி அதோடு ஊர் திரும்ப வேண்டியது. ஆனால் திருவாரூரில் ரயில் மாற இறங்கியபோது வடிவேலு கோபுரத்தைப் பார்த்தான். இவ்வளவு தூரம் வந்துவிட்டு இவரைப் பார்க்காமல் போவதா என்றான். போய் வந்தார்கள், அந்த ரயில் போய்விட்டது. அடுத்த ரயிலில் வரும்போது வைத்தீஸ்வரன்கோயில் வந்தது, அங்கேயும் இறங்கினார்கள். சிதம்பரம் நெருங்கியபோது அவன் ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டான்.

"எல்லா வாசலையும் ஒரே வாட்டியில மிதிக்கணுமா?" என்று முத்தாலம்மாள் கேட்டாள். "அங்க மீன் யாரு விக்கிறது?"

"அஞ்சு வருசம் எதையும் மிதிக்காம இருந்தேன்ல," என்றான் வடிவேலு, மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு.

ஐசக் விழுந்து விழுந்து சிரித்தார். முத்தாலம்மாளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு, டீச்சரம்மா என்ன சொல்கிறாள் என்று பார்த்தாள். யூனிஸ் பையிலிருந்து அட்லஸை எடுக்கவில்லை. இறங்க வேண்டும் என்று சொல்லி, சாப்பாட்டுத் தூக்கைக் கையில் எடுத்துக்கொண்டாள்.